ஆசிரியை ஆன் சல்லிவன்

உழவன் ஒருவன் விதைப்பதற்கு முன் நிலத்தைப் பார்க்கிறான். மேட்டு நிலம் எது, பள்ளம் எது, நீர் எங்கே தங்கும், எங்கே வடியும் என்பவற்றை அறிந்த பின்னரே விதையைக் கையில் எடுக்கிறான். ஆசிரியர் பணியும் அத்தகையதே. ஒரே வகுப்பில் நாற்பது மாணவர் அமர்ந்திருப்பினும் அந்நாற்பதின்மரும் ஒரே வழியில் கற்பதில்லை. கேட்ட அளவில் உணர்வார் சிலர். எழுதிப் பார்த்த பின் உணர்வார் சிலர். கண்ணொளி இழந்த மாணவனுக்குக் கரும்பலகை பயன்படாது. செவிப்புலன் இல்லாத மாணவிக்கு ஆசிரியரின் உரை எட்டாது. அத்தகையோருக்கு எதை, எவ்வழியில், எவ்வளவில் கற்பிப்பது என்பதைத் தனித்தனியே வகுத்துக்கொள்ளுதல் வேண்டும். இவ்வுண்மையைத் தம் வாழ்நாள் முழுவதும் செயலிற் காட்டிய பெருமாட்டி ஒருவர் அமெரிக்க நாட்டில் வாழ்ந்தார். அவரே ஆன் சல்லிவன் அம்மையார்.

இளமையில் வறுமை

ஆன் சல்லிவன் 1866ஆம் ஆண்டு ஏப்ரல் 14ஆம் நாள், மாசச்சூசெட்ஸ் மாநிலத்தில் ஃபீடிங் ஹில்ஸ் என்னும் சிற்றூரில் பிறந்தார். பெற்றோர் அயர்லாந்திலிருந்து பிழைப்பு நாடி வந்தவர்கள். குடும்பத்தில் வறுமை குடிகொண்டிருந்தது. ஆன் ஐந்து வயதுச் சிறுமியாக இருந்தபோது டிரக்கோமா என்னும் கண்ணோய் அவளைப் பற்றியது. தக்க மருத்துவம் கிடைக்காமையால் பார்வை நாளடைவில் மங்கியது. சில ஆண்டுகளில் தாயும் இறந்தார். தந்தை குடும்பத்தைக் கைவிட்டார்.

ஆதரவற்ற ஆனும் அவள் தம்பி ஜிம்மியும் 1876ஆம் ஆண்டு பிப்ரவரி மாதத்தில் டூக்ஸ்பரி என்னும் ஊரிலிருந்த ஏழையர் விடுதியில் சேர்க்கப்பட்டனர். முதியோரும் நோயாளரும் மனநலம் குன்றியோரும் அங்கே ஒருங்கே அடைக்கப்பட்டிருந்தனர். இடுப்பெலும்பு நோயால் ஊன்றுகோல் கொண்டு நடந்த ஜிம்மி, அங்குச் சென்ற சில மாதங்களிலேயே உயிர் நீத்தான். உலகில் தனக்கென இருந்த ஓர் உறவையும் இழந்த ஆன், அவ்விடுதியில் நான்கு ஆண்டுக்கு மேல் வாழ்ந்தாள். அவளுக்கு எழுத்தறிவில்லை; பள்ளி என்பதையே அவள் கண்டதில்லை. ஆயினும், பார்வையற்றோர்க்கெனப் பள்ளிகள் உண்டு என்று பிறர் சொல்லக் கேட்டிருந்தாள். 1880ஆம் ஆண்டில் விடுதியைப் பார்வையிட அரசினர் குழுவொன்று வந்தது. அக்குழுவினரின் பின்னே சென்ற சிறுமி, தான் பள்ளிக்குச் செல்ல விரும்புவதை உரக்கக் கூறி வேண்டினாள். அத்துணிவு அவள் வாழ்வை மாற்றியது.

பெர்க்கின்ஸ் பள்ளி

அவ்வாண்டு அக்டோபர் 7ஆம் நாள், பாஸ்டன் நகரிலிருந்த பெர்க்கின்ஸ் பார்வையற்றோர் பள்ளியில் ஆன் சேர்ந்தாள். அப்பொழுது அவளுக்கு வயது பதினான்கு. தன் பெயரையும் எழுதத் தெரியாத அவளைச் சிறு குழந்தைகளோடு அமர்த்தினர். உடன் பயின்ற செல்வர் வீட்டுப் பெண்கள் அவளை எள்ளி நகையாடினர். அந்த இகழ்ச்சி அவளை வருத்தியதாயினும், கல்வியில் இருந்த வேட்கையைக் குறைக்கவில்லை. பின்னர்ச் செய்யப்பட்ட அறுவை மருத்துவத்தால் பார்வை ஓரளவு திரும்பியது. ஆறே ஆண்டுகளில், 1886இல், தன் வகுப்பில் முதன்மை பெற்று ஆன் தேர்ச்சியடைந்தார்.

அப்பள்ளியில் லாரா பிரிட்ஜ்மன் என்னும் அம்மையார் வாழ்ந்துவந்தார். அவர் கண்ணும் செவியும் இழந்தவர். 1837ஆம் ஆண்டில் சிறுமியாக அங்கு வந்த அவருக்குப் பள்ளியின் தலைவர் சாமுவேல் கிரிட்லி ஹவ் என்னும் மருத்துவர் கல்வி புகட்டினார். சாவி, கரண்டி முதலிய பொருள்களின்மேல் மேடெழுத்துச் சீட்டுகளை ஒட்டி, விரலால் தடவி அறியச் செய்தார். கையினுள் விரலால் எழுத்துகளைக் குறிக்கும் விரலெழுத்து முறையும் லாராவுக்குப் பயிற்றப்பட்டது. ஆன் அம்மையார் லாராவுடன் உரையாடுவதற்காகவே அவ்விரலெழுத்தைக் கற்றார். நட்பின் பொருட்டுக் கற்ற அக்கலை, பிற்காலத்தில் வேறோர் உயிரின் இருளை நீக்கப் பயன்பட்டது.

தஸ்கம்பியாவில் ஒரு சிறுமி

அலபாமா மாநிலத்தில் தஸ்கம்பியா என்னும் ஊரில் ஆர்தர் கெல்லர் என்பவர் வாழ்ந்தார். அவர் மகள் ஹெலன் 1880ஆம் ஆண்டு ஜூன் 27ஆம் நாள் பிறந்தவள். பத்தொன்பது மாதக் குழந்தையாக இருந்தபோது கடுங்காய்ச்சல் கண்டு, பார்வையையும் கேள்வியையும் ஒருங்கே இழந்தாள். கேளாமையால் பேச்சும் வரவில்லை. தானே அமைத்துக்கொண்ட சில சைகைகளே அவளுடைய மொழி. தன் கருத்தைப் பிறர் உணராதபோது சினம் பொங்கி உதைப்பாள். அழுது புரண்டு அரற்றுவாள். அவளைக் காப்பகத்தில் விட்டுவிடுமாறு கூறிய உறவினரும் உண்டு. பெற்றோர் மனம் தளரவில்லை. தொலைபேசியைக் கண்டறிந்தவரும் செவிப்புலன் இழந்தோர் கல்வியில் நாட்டமுடையவருமான அலெக்ஸாண்டர் கிரகாம் பெல் அவர்களைக் கண்டு வழி கேட்டனர். அவர் பெர்க்கின்ஸ் பள்ளிக்கு எழுதுமாறு அறிவுறுத்தினார். பள்ளியின் அக்காலத் தலைவர் மைக்கேல் அனாக்னோஸ், அப்பணிக்கு ஆன் சல்லிவனைத் தேர்ந்தெடுத்தார்.

ஆன் அம்மையார் உடனே புறப்பட்டுவிடவில்லை. லாராவுக்குக் கல்வி புகட்டிய வரலாற்றை ஹவ் எழுதிவைத்திருந்த அறிக்கைகளைப் பல நாள் ஊன்றிப் படித்தார். முன்னோர் எதைச் செய்தனர், எதில் வென்றனர் என்பவற்றை அறிந்துகொண்டார். 1887ஆம் ஆண்டு மார்ச் 3ஆம் நாள் தஸ்கம்பியாவை அடைந்தார். அப்பொழுது அவருக்கு இருபது வயது. ஹெலனுக்கு ஆறு வயதும் எட்டு மாதங்களும்.

முதற்படி

பெர்க்கின்ஸ் பள்ளிக் குழந்தைகள் ஹெலனுக்கென அனுப்பிய பொம்மை ஒன்றை அம்மையார் கொண்டுவந்திருந்தார். அதைச் சிறுமியின் கையில் கொடுத்து, அப்பொருளின் பெயரை அவள் உள்ளங்கையில் விரலால் எழுதினார். சிறுமி அவ்வசைவுகளை அப்படியே திருப்பிச் செய்தாள். ஆயினும் அது சொல் என்பதும், பொருளைக் குறிப்பது என்பதும் அவளுக்கு விளங்கவில்லை. விரல் விளையாட்டாகவே அதனைக் கருதினாள்.

கல்விக்கு முன் வேறொரு தடை இருப்பதை அம்மையார் சில நாள்களில் கண்டுகொண்டார். குழந்தையின் மீதிருந்த இரக்கத்தால் வீட்டார் அவள் விருப்பம் எதையும் மறுத்ததில்லை. உணவு வேளையில் எல்லோருடைய தட்டிலும் கைவிட்டு அவள் எடுத்துண்பாள், யாரும் தடுப்பதில்லை. ஒரு நாள் ஆசிரியையை மாடியறையில் வைத்துப் பூட்டிச் சாவியை ஒளித்துவைத்தாள்; தந்தை ஏணி வைத்து அவரை இறக்க நேர்ந்தது. இத்தகைய செல்லத்தினிடையே கல்வி வளராது என்று உணர்ந்த அம்மையார், பெற்றோரின் இசைவு பெற்று, அருகிலிருந்த சிறு வீட்டில் ஹெலனோடு ஏறத்தாழ இரு வாரம் தனித்து வாழ்ந்தார். அங்கே உடுத்தலுக்கும் உண்ணலுக்கும் சிறுமி ஆசிரியை ஒருவரையே நாடவேண்டியிருந்தது. முதலில் போராடினாள், பின்னர் அமைந்தாள். ஆசிரியையின்மீது நம்பிக்கை பிறந்தது. அந்நம்பிக்கையே மேற்கல்விக்கு அடிக்கல்லாயிற்று.

நீர் தந்த அறிவு

ஏப்ரல் 5ஆம் நாள். குவளை என்னும் சொல்லையும் தண்ணீர் என்னும் சொல்லையும் ஹெலன் மீண்டும் மீண்டும் மயங்கிக் கூறினாள். குவளையும் அதிலுள்ள நீரும் ஒன்றாகவே அவளுக்குத் தோன்றின. ஆசிரியை எத்தனை முறை திருத்தியும் பயனில்லை. இருவரும் தோட்டத்திலிருந்த நீரிறைக்கும் குழாயடிக்குச் சென்றனர். குளிர்ந்த நீர் சிறுமியின் ஒரு கையில் பாய்ந்தது. மற்றொரு கையில் ஆசிரியை தண்ணீர் என்னும் சொல்லை, முதலில் மெதுவாகவும் பின்னர் விரைவாகவும் எழுதினார். சிறுமி அசையாது நின்றாள். கையில் ஓடும் குளிர்ச்சிக்கும் உள்ளங்கையில் எழுதப்படும் எழுத்துகளுக்கும் உள்ள தொடர்பு அக்கணத்தில் அவளுக்கு விளங்கிற்று. ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு பெயர் உண்டு என்பதை அறிந்தாள். நிலத்தைத் தொட்டு அதன் பெயரைக் கேட்டாள். குழாயின் பெயரைக் கேட்டாள். இறுதியில் ஆசிரியையின் பக்கம் திரும்பி அவர் பெயரையும் கேட்டாள். அன்று மாலைக்குள் ஏறத்தாழ முப்பது சொற்கள் அவள் உடைமையாயின.

இச்செயலில் நுட்பம் ஒன்று உண்டு. பிழை செய்த குழந்தையை அம்மையார் அறிவிலி என்று முடிவு செய்யவில்லை. மயக்கம் எங்கே தோன்றுகிறது என்று ஆராய்ந்தார். குவளையிலிருந்து நீரைப் பிரித்துக் காட்டினால் மயக்கம் தீரும் எனக் கண்டார்.

மாற்றியமைத்த முறை

இதன்பின் அம்மையார் தம் கற்பித்தல் முறையையே மாற்றினார். தொடக்கத்தில் குறித்த நேரத்தில், குறித்த சொற்களைப் பாடமாக நடத்திவந்தார். அவ்வேளையில் ஹெலனின் உறவினர் குழந்தை ஒன்றை உற்று நோக்கினார். பதினைந்து மாதமே ஆன அக்குழந்தை, பேச வாராதபோதும் பிறர் சொல்வதைப் புரிந்துகொண்டது. நாள் முழுவதும் மொழியைக் கேட்பதாலேயே குழந்தை மொழியை அறிகிறது என்று அம்மையார் தெளிந்தார். ஹெலனுக்கும் அவ்வாறே செய்யத் துணிந்தார். தாய் குழந்தையின் காதில் பேசுவதுபோல, முழு வாக்கியங்களாகவே அவள் கையில் எழுதிவந்தார். புரிந்ததா என்று ஒவ்வொரு சொல்லிலும் நிறுத்திச் சோதிக்கவில்லை.

படிப்பு தோட்டத்திலும் ஆற்றங்கரையிலும் நடந்தது. டென்னஸ்ஸி ஆற்றங்கரையில் கூழாங்கற்களால் அணை கட்டியும், தீவுகளும் ஏரிகளும் அமைத்தும் ஹெலன் நிலநூல் கற்றாள். மணிகளைக் கோத்து எண்ணிக்கை அறிந்தாள். மேடெழுத்துச் சீட்டுகளைப் பொருள்களோடு வைத்து வாக்கியம் அமைக்கப் பழகினாள். ஒரு நாள் பெண் என்னும் சொல் எழுதிய சீட்டைத் தன் மேலாடையில் குத்திக்கொண்டு, துணி வைக்கும் நிலைப்பேழையினுள் போய் நின்றாள். எஞ்சிய சீட்டுகளை அருகில் அடுக்கினாள். பெண் நிலைப்பேழையில் இருக்கிறாள் என்பது அவள் அமைத்த வாக்கியம். கற்கத் தொடங்கி நான்கு மாதம் நிறைவதற்கு முன், ஜூன் 17ஆம் நாள், தன் கையாலேயே ஒரு கடிதம் எழுதினாள்.

அம்மையார் பெர்க்கின்ஸ் பள்ளியிலிருந்த தம் அன்புக்குரிய தோழியாருக்குத் தொடர்ந்து கடிதம் எழுதிவந்தார். இன்று எதைக் கற்பித்தேன், எது பயன்பட்டது, எது பயன்படவில்லை, நாளை எதை மாற்றுவேன் என்பவை அக்கடிதங்களில் இடம்பெற்றன. அவை வளர்ச்சிக் குறிப்பேடாகவே அமைந்தன.

எடுத்த குறிக்கோள் ஒவ்வொன்றும் முழுதும் நிறைவேறியது என்று கூறுவதற்கில்லை. 1890ஆம் ஆண்டில் பாஸ்டன் நகரத்துச் செவிப்புலன் இழந்தோர் பள்ளியின் தலைவியார் சாரா ஃபுல்லர், ஹெலனுக்குப் பேசப் பயிற்சியளித்தார். அதன்பின்னும் பல ஆண்டு முயன்றும், அவள் பேச்சு பழகியவர்க்கன்றிப் பிறர்க்கு எளிதில் விளங்குவதாக அமையவில்லை. ஆதலின் விரலெழுத்தும் பிரெயில் எழுத்தும் தட்டச்சுப் பொறியும் அவளுக்கு இறுதிவரை துணை நின்றன. ஒரு வழி குறுகும்போது மற்றொரு வழியை அகலப்படுத்துவதே அம்மையார் கொண்ட நெறி.

பொதுப் பள்ளியில் நேர்ந்த இடர்கள்

1896ஆம் ஆண்டு அக்டோபரில் ஹெலன், கேம்பிரிட்ஜ் பெண்கள் பள்ளியில் சேர்ந்தாள். ராட்கிளிஃப் கல்லூரியில் புகுவதற்கு அங்கே ஆயத்தம் செய்வது அவள் நோக்கம். பார்வையும் கேள்வியும் உடைய மாணவியரோடு ஒரே வகுப்பில் அவள் அமர்ந்தது அதுவே முதன்முறை. ஆன் அம்மையார் அருகில் அமர்ந்து, ஆசிரியர் கூறுவதையெல்லாம் கையில் எழுதினார். அங்கிருந்த ஆசிரியர்கள் இத்தகைய மாணவிக்குக் கற்பித்துப் பழகாதவர்கள். தலைவர் ஆர்தர் கில்மனும் ஜெர்மன் மொழி ஆசிரியையும் மட்டுமே விரலெழுத்தைக் கற்றுத் தாமே அவளுக்குப் பாடம் சொல்ல முற்பட்டனர். 1897ஆம் ஆண்டுத் தேர்வுகளில் கில்மன் வினாக்களைத் தம் விரலால் அவள் கையில் எழுதினார். அவள் தனியறையில் அமர்ந்து தட்டச்சுப் பொறியில் விடை தந்தாள். எழுதிய பாடம் அனைத்திலும் தேர்ச்சி பெற்றாள். ஜெர்மன், ஆங்கிலம் ஆகிய மொழிகளில் சிறப்பும் பெற்றாள்.

மறு ஆண்டில் இடர்கள் மிகுந்தன. கணித நூல்கள் மேடெழுத்தில் உரிய காலத்தில் வந்து சேரவில்லை. வகுப்புகள் பெரியனவாதலின் ஆசிரியர்கள் அவளுக்கெனத் தனியே விளக்க இயலவில்லை. கரும்பலகையில் வரையப்பட்ட வடிவங்களை அவள் காண முடியாது. அவள் பின்தங்கினாள், உடல்நலமும் குன்றியது. படிப்பின் சுமையே காரணம் என்று கருதிய தலைவர், படிப்பை மேலும் பல ஆண்டுகளுக்கு நீட்டிக்க விரும்பினார். ஆன் அம்மையார் அதற்கு உடன்படவில்லை. முடிவில் ஹெலன் அப்பள்ளியை விட்டு நீங்கி, மெர்ட்டன் கீத் என்னும் ஆசிரியரிடம் தனியே பயின்றாள். அவர் அவளுக்குப் புரியும் விரைவில், அவள் கைக்கெட்டும் கருவிகளைக் கொண்டு கற்பித்தார். அவளுக்கு வெறுப்பாயிருந்த கணிதமும் தெளிவாயிற்று.

1899ஆம் ஆண்டு ஜூன் இறுதியில் கல்லூரி நுழைவுத் தேர்வு நடந்தது. வினாக்களை ஆன் அம்மையார் கையில் எழுதிக் காட்டக் கல்லூரியார் இசையவில்லை. மாறாக, வேறொருவரைக் கொண்டு வினாத்தாளைப் பிரெயிலில் எழுதித் தர ஏற்பாடு செய்தனர். நல்லெண்ணத்தோடு செய்த உதவியே அது. ஆயினும் அக்காலத்தில் பிரெயில் எழுத்து பல வகையாக வழங்கிற்று. கணிதக் குறியீடுகளை ஹெலன் கற்றது ஆங்கிலப் பிரெயிலில். வினாத்தாள் அமைந்ததோ அமெரிக்கப் பிரெயிலில். தேர்வுக்கு இரண்டு நாள்களுக்கு முன்னரே இவ்வேறுபாடு தெரியவந்தது. குறியீடுகளின் அட்டவணையை வருவித்து அவசர அவசரமாகப் பயின்றாள். தேர்வறையிலும் குறியீடுகள் குழப்பின. ஒவ்வொன்றையும் திரும்பத் திரும்பத் தடவிப் பார்க்க நேர்ந்தது. எனினும் அவள் வென்றாள். உதவி என்ற பெயரில் எதையேனும் தருதல் போதாது என்பதையும், மாணவர் பழகிய வழி எது என்று முன்னரே கேட்டறிதல் இன்றியமையாதது என்பதையும் இந்நிகழ்ச்சி நன்கு விளக்குகிறது.

1900ஆம் ஆண்டில் ஹெலன் ராட்கிளிஃப் கல்லூரியில் சேர்ந்தார். ஆன் அம்மையார் நான்கு ஆண்டும் உடனிருந்து விரிவுரைகளைக் கையில் எழுதினார். பிரெயிலில் கிடைக்காத நூல்களைத் தாமே படித்துக் கூறினார். தம் நலிந்த கண்கள் மேலும் நலிவதை அவர் பொருட்படுத்தவில்லை. 1904ஆம் ஆண்டில் ஹெலன் சிறப்புடன் பட்டம் பெற்றார். கண்ணும் செவியும் இழந்த ஒருவர் இளங்கலைப் பட்டம் பெற்றது அதுவே முதன்முறை.

இறுதியும் எச்சமும்

பிற்காலத்தில் இருவரும் நாடெங்கும் சென்று சொற்பொழிவாற்றினர். பார்வையற்றோர் நலனுக்காகப் பொருள் திரட்டினர். இறுதி ஆண்டுகளில் ஆன் அம்மையார் பார்வையை முற்றும் இழந்தார். 1936ஆம் ஆண்டு அக்டோபர் 20ஆம் நாள், ஹெலன் அருகிலிருக்க, அவர் உயிர் பிரிந்தது. நாற்பத்தொன்பது ஆண்டு நீடித்தது அவர்கள் நட்பு. ஆசிரியையை இழந்த பின்னும் ஹெலன் கெல்லர் தம் தொண்டைத் தொடர்ந்தார்; 1955ஆம் ஆண்டில் இந்தியாவுக்கும் வருகை தந்தார்.

ஹெலனுக்கு ஓர் ஆன் சல்லிவன் கிடைத்தார். அவ்வாறு கிடைக்கப்பெறாத குழந்தைகள் எண்ணற்றோர். 1975ஆம் ஆண்டில் அமெரிக்க நாடாளுமன்றம், மாற்றுத்திறனுடைய குழந்தைகள் பத்து லட்சம் பேர் பொதுப் பள்ளிகளுக்கு முற்றிலும் புறம்பாக நிற்பதைக் கண்டறிந்தது. அவ்வாண்டு இயற்றிய சட்டத்தால் அத்தகைய மாணவர் ஒவ்வொருவருக்கும் தனிக் கல்வித் திட்டம் ஒன்றை எழுத்தில் வகுக்க வேண்டும் என்று விதித்தது. மாணவர் இப்பொழுது எந்நிலையில் உள்ளார், ஓராண்டில் அடைய வேண்டியது யாது, அதற்கு எவ்வகை உதவி வேண்டும், பொது வகுப்பில் எவ்வளவு நேரம் பயில்வார், முன்னேற்றத்தை எவ்வாறு அளப்பது என்னும் செய்திகள் அத்திட்டத்தில் இடம்பெறுதல் வேண்டும். பெற்றோரும் ஆசிரியரும் கூடி அதனை வகுப்பர். ஆண்டுக்கு ஒரு முறையேனும் மீண்டும் ஆராய்வர்.

திட்டத்தை எழுதியதனால் மட்டும் பயன் விளைந்துவிடாது. வகுப்பில் நாள்தோறும் கற்பிக்கும் ஆசிரியர் அதனைப் படித்து உணர்தல் வேண்டும். பெரிய எழுத்தில் அச்சிட்ட வினாத்தாள் வேண்டும் என்று திட்டம் கூறுமாயின், தேர்வு நாளன்று அது மாணவர் கையில் இருத்தல் வேண்டும். உதட்டசைவைக் கண்டு உணரும் மாணவி முன்வரிசையில் அமர வேண்டும் என்று கூறுமாயின், ஆசிரியர் கரும்பலகையை நோக்கியவாறே பேசுதல் கூடாது. கூடுதல் நேரம் தருவது சலுகையாகாது. பிற மாணவர் எளிதில் பெறுவதை அம்மாணவரும் பெறுதற்குரிய வழியே அது. கேம்பிரிட்ஜ் பள்ளியில் விரலெழுத்தைக் கற்க முன்வந்த இருவரும் செய்தது இத்தகைய பணியே.

மாணவர் இருக்கும் இடத்தை அறிந்து, தடையைக் கண்டு, வழியை வகுத்து, பயனை நாள்தோறும் நோக்கி, பயனில்லாதவிடத்து முறையை மாற்றுதல் ஆன் சல்லிவன் அம்மையார் காட்டிய நெறி. சட்டங்கள் தோன்றுவதற்கு நெடுங்காலம் முன்னரே அவர் அந்நெறியில் ஒழுகினார். கற்பிக்க இயலாத குழந்தை என்று உலகம் ஒதுக்கவிருந்த சிறுமி, உலகம் போற்றும் பேரறிவினராக விளங்கியமை அவர் பணிக்குச் சான்றாகும். வகுப்பறையின் கடைசி இருக்கையில் ஒதுங்கியிருக்கும் மாணவர் ஒருவரை இவ்வாறு அறிய முற்படும் ஆசிரியரும், அவருக்குத் துணை நிற்கும் உடன்பயில்வோரும் அவ்வம்மையாரின் பணியைத் தொடர்வோர் ஆவர்.